காயா, பழமா

பெரிய பங்களா,
ஹுன்னஸ்கிரிய.
1933 மே 2

சேசு மரி சூசை துணை.

அன்புள்ள பெற்றீசியாவுக்கு,

நான் சுகம் என்று எழுதுவது வழக்கம் என்பதால் எழுதுகிறேன். உண்மையில் மூன்று நாளாகத் தடிமன், மூக்கு அடைத்திருக்கிறது. உன் அண்ணன் மரியநாயகம் மச்சானுக்கும் வீட்டாருக்கும் என் அன்பைச் சொல்லவும்.

நீ போய் இரண்டு கிழமை ஆகிறது. உயிர்த்த ஞாயிறு முடிந்து செவ்வாய்க்கிழமை காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாய். ஒரு சின்னக் காரியத்துக்கு இவ்வளவு கோபம் ஆகாது. நான் நன்றாக யோசித்துப் பார்த்துவிட்டேன். என் பக்கம் பெரிய பிழை ஒன்றும் தெரியவில்லை. திங்கட்கிழமைத் தேநீருக்கு நீ செய்த அப்பிள் கேக்கில் துரைசாணி இரண்டாவது துண்டையும் முடித்துவிட்டு என்னை முன் ஹோலுக்குக் கூப்பிட்டார். இது கோக்கி செய்ததா என்று இங்கிலீஸில் கேட்டார். நான் 'யெஸ் லேடி' என்றேன். இந்தப் பங்களாவில் சமைக்கிற கோக்கி யார்? பதினொரு வருஷமாக நான்தான். கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன். நீ கதவுக்குப் பின்னால் தட்டை ஏந்திக்கொண்டு நிற்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வேறு மாதிரிச் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

அது போகட்டும். காரியத்துக்கு வருகிறேன். இந்த மாதம் இருபதாம் திகதி தெல்தோட்டையிலிருந்து துரைசாணியின் கூட்டாளிகள் ஆறு பேர் தேநீருக்கு வருகிறார்கள். அந்தக் கேக்கைப் பற்றி அவர்களிடம் ஏற்கெனவே அளந்து வைத்திருக்கிறார். எனக்குக் கேக் செய்யத் தெரியாது என்று நினைத்துவிடாதே. ரோஸ்ட், ஸ்டூ, புடிங் எதிலும் எனக்கு யாரும் வழி காட்டத் தேவையில்லை. ஆனால் இதை நீ மடத்துக் கன்னியாஸ்திரிகளின் குசினியில் வேலை செய்த காலத்தில் பழகிய விதத்தில் செய்தாய். அந்தச் செய்முறையை எழுதி அனுப்பு. எழுத்துத் தெளிவாக இருக்கட்டும்.

உன் கணவன்
கபிரியேல்

சிவப்புக் கோழி அடைக்கு உட்கார்ந்திருக்கிறது.


திரிகோணமலை வீதி,
கண்டி.
1933 மே 6

அன்புள்ள அவருக்கு,

தடிமனுக்குக் கொத்தமல்லி அவித்துக் குடியுங்கள். மேல் தட்டில், இடது பக்கத்து டின்னில் இருக்கிறது. பதினொரு வருஷக் கோக்கிக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்காது.

துரைசாணி கேட்ட முதல் கேள்வியை அழகாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டாவது கேள்வியை விழுங்கிவிட்டீர்கள். 'உன் மனைவி உதவி செய்தாளா?' என்று கேட்டார். அந்த அளவு இங்கிலீஸ் மடத்தில் எனக்கும் படிப்பித்தார்கள். நீங்கள் சிரித்துக்கொண்டு 'நோ லேடி' என்றீர்கள். கோக்கி என்ற சொல்லுக்குள் ஒளிந்துகொண்டு 'யெஸ்' சொல்லலாம். 'நோ' என்ற சொல்லுக்குள் ஒளிய இடமே இல்லை.

அன்றைக்கு ஆட்டுத்தொடை பிந்திவிடுமென்று நீங்கள் குசினியை வட்டமடித்துக்கொண்டிருந்தீர்கள். முட்டை அடித்தது யார், மா அரித்தது யார், அடுப்புக்கு முன்னால் முக்கால் மணி நேரம் வேர்த்து நின்றது யார் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டுதான் பெட்டியைக் கட்டினேன். அதை எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. அதே துரைசாணிக்கு முன்னால் நின்று, அந்தக் கேக் என் மனைவி செய்தது என்று உங்கள் வாயால் சொல்ல வேண்டும். அதுவரை நான் மலையேற மாட்டேன்.

செய்முறையை ஒளிக்க மாட்டேன். ஒளித்து வைத்து மதிப்புத் தேடுகிற ஆள் நானில்லை. அன்றைக்கு நான் போட்ட காயில் ஆறு எடுத்து, தோல் சீவி, நடுவை நீக்கி, காசுக் கனத்தில் வெட்டுங்கள். கால் இறாத்தல் சீனி, இரண்டு தேசிக்காயின் புளி, ஒரு விரல் நீளக் கறுவா, நாலு கராம்பு. எல்லாவற்றையும் சேர்த்து, காய் கண்ணாடி மாதிரி ஆகும் வரை வேகவைத்து வடியுங்கள். அரை இறாத்தல் பட்டரும் அரை இறாத்தல் சீனியும் வெளுத்து வரும் வரை ஒரே பக்கமாக அடியுங்கள். முட்டை ஐந்து, ஒவ்வொன்றாக. மூன்று தரம் அரித்த கோதுமை மா முக்கால் இறாத்தல், அப்பச்சோடா ஒரு தேக்கரண்டி. வடித்த காயைக் கடைசியில் சேர்த்து, மிதமான சூட்டில் முக்கால் மணி நேரம் வையுங்கள்.

இவ்வளவுதான். செய்து பாருங்கள்.

பெற்றீசியா


பெரிய பங்களா,
ஹுன்னஸ்கிரிய.
1933 மே 22

பெற்றீசியாவுக்கு,

என் மானம் போய்விட்டது. நீ சந்தோஷப்படலாம்.

'காய்' என்று எழுதியிருந்தாய். எனக்கு அது உடனே விளங்கியது. பழுத்த அப்பிள் வேண்டாம், காய்ப் பதத்தில் எடுக்க வேண்டும் என்கிறாய். லொறிக்காரனிடம் சொல்லி, கண்டிச் சந்தையில் அவுஸ்திரேலியக் கப்பலில் வந்த சரக்கில் பச்சையாக இருப்பதாகப் பொறுக்கி எடுப்பித்தேன். கடைக்காரர் சிரித்தாராம். அப்பிளில் காய் கேட்கிற ஆளை இப்போதுதான் கேள்விப்படுகிறேன் என்றாராம். சிரிக்கட்டும் என்று விட்டேன்.

கண்ணாடி மாதிரி ஆகும் வரை வேகவைக்கச் சொன்னாய். எங்கே கண்ணாடி? ஐந்து நிமிஷத்தில் சட்டியில் இருந்தது கஞ்சி. நீ எழுதினால் எழுதினதுதான் என்று அதையே மாவில் ஊற்றினேன். கேக் மேலே கறுத்து, நடுவில் பள்ளம் விழுந்து, உள்ளே களியாக இருந்தது. தெல்தோட்டை அம்மா ஒருவர் கரண்டியால் கிண்டிப் பார்த்து, இது புடிங்கா என்று கேட்டார். துரைசாணியின் முகம் சிவந்தது.

ஒரு கேள்வி கேட்கிறேன். உண்மையைச் சொல். வேண்டுமென்றுதான் பிழையாக எழுதி அனுப்பினாயா?

கபிரியேல்


திரிகோணமலை வீதி,
கண்டி.
1933 மே 27

அன்புள்ள அவருக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்து நான் சிரித்த சிரிப்பில் கந்தோர் வேலைக்கு வெளிக்கிட்ட அண்ணன் அந்த உடுப்போடு ஓடிவந்தார். மன்னிக்க வேண்டும். சிரிக்காமல் இருக்க முடியவில்லை.

என் கடிதத்தைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். அப்பிள் என்ற சொல் எங்காவது இருக்கிறதா? காய் என்று எழுதினேன். நீங்கள் அதைப் பழம் என்று வாசித்து, பிறகு பழத்தைக் காயாக்கி, சந்தையில் ஒரு மனிதரையும் சிரிக்க வைத்திருக்கிறீர்கள். நான் போட்டது சௌசௌ. விறகுக் கொட்டிலின் மேல் படர்ந்து கிடக்கிறதே, வாரம் மூன்று நாள் நீங்கள் கறி வைக்கிறீர்களே, அதே சௌசௌ.

துரைசாணி தந்த அப்பிள் எல்லாம் பெரிய வெள்ளிக்கே அழுகிவிட்டன. கூடையை அடுப்போரம் வைத்தது நீங்கள். திங்கட்கிழமை காலையில் அதைச் சொன்னால் பதறிப்போய் ஆட்டுத்தொடையையும் கருக்கிவிடுவீர்கள் என்று வாயை மூடிக்கொண்டேன். சௌசௌவுக்குத் தனி ருசி கிடையாது. தேசிக்காயும் கறுவாவும் சேர்ந்தால் யாருடைய நாக்கையும் ஏமாற்றும். மடத்தில் கப்பல் பிந்தின வருஷங்களில் அப்படித்தான் செய்வோம். சாயங்காலம் ஆறுதலாக உங்களிடம் சொல்லிச் சிரிக்கலாம் என்று இருந்தேன். அதற்குள் நீங்கள் 'நோ லேடி' சொல்லிவிட்டீர்கள்.

என் பக்கமும் ஒரு பிழை உண்டு. நான் எழுதினபோது சௌசௌ என்றே எழுதியிருக்கலாம். குசினியில் என்ன நடந்தது என்று நீங்கள் பார்த்திருந்தால் தெரியும், பார்க்கவில்லை என்றால் திண்டாடட்டும் என்று மனதின் ஒரு மூலையில் இருந்தது. இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இங்கே நான் சும்மா இருக்கவில்லை. நம் வீதி முனையில் நளீர் நானா என்று ஒருவர் பேக்கரி வைத்திருக்கிறார், திகன ஊர்க்காரர். காலையில் பாண் எடுத்த பிறகு அவருடைய போறணை மத்தியானம் வரை சூட்டோடு சும்மா கிடக்கிறது. அந்த இறங்கு சூடு கேக்குக்கு என்றே செய்த மாதிரி. போய்க் கேட்டேன். ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "எங்கட தட்டில பிராந்தியும் பன்டிக் கொழுப்பும் ஒண்டும் படக்கூடாது தங்கச்சி, மத்ததெல்லாம் உங்கட விருப்பம்." நான் பட்டரைத் தவிர வேறு எதையும் தொடுவதில்லை என்று சொன்னேன். இப்போது அவருடைய கண்ணாடி அலுமாரியில் என் கேக்குக்கு ஒரு தட்டு உண்டு. சௌசௌ கேக் என்றே எழுதி வைத்திருக்கிறோம். பத்து மணிக்குள் முடிந்துவிடுகிறது.

பெற்றீசியா


பெரிய பங்களா,
ஹுன்னஸ்கிரிய.
1933 ஜூன் 8

அன்புள்ள பெற்றீசியா,

உன் கடிதம் கிடைத்தது. மறுநாள் காலையில் சௌசௌ பறிக்கப் போனேன். கொடிக்குக் கீழே நின்றதும் சிரிப்பு வந்துவிட்டது. தனியாக நின்று சிரிக்கிறேன் என்று தோட்டக்காரன் பொன்னையா பயந்துபோனான்.

துரைசாணியிடம் சொல்லவில்லை. நாலு தரம் வாயெடுத்தேன். மனைவி செய்தாள் என்று சொன்னால், அன்றைக்கு ஏன் இல்லை என்றாய் என்று கேட்பார். போதாததற்கு, அப்பிளும் இல்லை சௌசௌ என்று சொல்ல வேண்டும். ஒரு பொய்க்குப் பின்னால் இன்னொன்று இழுபட்டு வருகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

இப்போது வேறொன்று முளைத்திருக்கிறது. ஜூலை பதினைந்தாம் திகதி கண்டியில் பூக்களுக்கும் பலகாரங்களுக்கும் கண்காட்சி நடக்கிறது. அதில் 'வீட்டில் செய்த கேக், பருவத்துப் புதுப் பழம் சேர்த்தது' என்று ஒரு போட்டி. துரைசாணி சேரப் போகிறார். இருபதாம் திகதி நடந்ததை அடுப்பின் தலையில் போட்டு என்னை மன்னித்துவிட்டார். கொழும்புக்கு எழுதி ஒரு பெட்டி அப்பிள் வருவிக்கிறார். கேக்கோடு அதில் போட்ட பழம் ஒன்றையும் தட்டில் வைக்க வேண்டுமாம். அதனால் இந்தத் தடவை சௌசௌ உதவாது. அப்பிளேதான்.

எனக்கு அது வராது, பெற்றீசியா. ரோஸ்டில் நான் ராசா. இதில் உன் பக்கத்தில் நிற்கவும் எனக்குத் தகுதி இல்லை. போன தடவை உத்தரவு போட்டேன். இந்தத் தடவை கேட்கிறேன்.

கபிரியேல்


திரிகோணமலை வீதி,
கண்டி.
1933 ஜூன் 17

அன்புள்ள அவருக்கு,

கேட்டீர்கள். போதும். சொல்லித் தருகிறேன்.

சந்தைக்குப் போய் நாலு சாதி அப்பிள் வாங்கி, ஒவ்வொன்றையும் கடித்துப் பார்த்து, நளீர் நானாவின் போறணையில் மூன்று கேக் சுட்டேன். முதலாவது அமுங்கிவிட்டது. இரண்டாவதை அண்ணன் தின்று நல்லது என்றார். அண்ணன் எதையும் நல்லது என்பார். மூன்றாவதை நளீர் நானா வீட்டுக்கு எடுத்துப்போய், மறுநாள் அவருடைய உம்மா அதில் இன்னொன்று கேட்டதாகச் சொன்னார். அதுதான் இது.

முதலில் பழத்தைத் தெரிந்தெடுங்கள். விரலால் அழுத்தினால் குழி விழக்கூடாது. கடித்தால் பல் கூச வேண்டும். பெட்டியை அடுப்போரம் வைத்தீர்களோ, நான் பொறுப்பல்ல. வெட்டிய பழத்தை வேகவைக்கவே வேண்டாம். காசுக் கனத்தில் வெட்டி, தேசிக்காய்ப் புளியும் ஒரு கைப்பிடி சீனியும் தூவிக் கால் மணி நேரம் வையுங்கள். தண்ணீர் விடும். அந்தத் தண்ணீரை வடித்துக் கறுவாவோடு பாணியாகக் காய்ச்சி வையுங்கள். பழத்தைத் துணியில் ஒற்றி, ஒரு கரண்டி மாவில் புரட்டுங்கள். மாவில் புரட்டாத பழம் நேராக அடியில் போய்க் குந்திக்கொள்ளும்.

பட்டர், சீனி, முட்டை, சோடா முன்பு எழுதியபடி. மா மட்டும் அரைக்கால் இறாத்தல் கூடுதலாக. பழம் ஈரம் என்பதால்.

இனி உங்களுடைய பெரிய வியாதிக்கு வருகிறேன். நீங்கள் கேக் மாவைக் கலக்குவதில்லை, அதோடு சண்டை பிடிக்கிறீர்கள். ரொட்டி மாவைக் குத்திப் பழகிய கை அது. மா போட்ட பிறகு அடிக்கவே கூடாது. தூங்குகிற பிள்ளையைப் புரட்டிப் படுக்க வைக்கிற மாதிரி, அடியிலிருந்து மேலே மெல்ல மடித்துவிடுங்கள். உங்களுக்குப் பொறுமை கிடையாது. அதனால் இருபது தரம் எண்ணுங்கள். இருபத்தோராவது தரம் கையை எடுத்துவிடுங்கள்.

பாதி மாவைத் தகரத்தில் ஊற்றிப் பாதிப் பழத்தை அடுக்குங்கள். மிச்ச மாவை ஊற்றி, மிச்சப் பழத்தை ஓடு வேய்கிற மாதிரி ஒன்றின் மேல் ஒன்று சாய்த்து அடுக்குங்கள். அடுப்புக்குள் ஒரு காகிதத் துண்டு வையுங்கள். நூறு எண்ணும்போது பொன்னிறமானால் கேக்கை வைக்கலாம். ஐம்பதுக்குள் கருகினால் கதவைத் திறந்து ஆற விடுங்கள். ஒரு மணி நேரம் கதவைத் தொடாதீர்கள். நீங்கள் தொடுவீர்கள், எனக்குத் தெரியும். அதனால் பொன்னையாவைக் கதவுக்குக் காவல் வையுங்கள். எடுத்ததும் சூட்டோடு மேலே பாணியைப் பூசுங்கள்.

இதைப் போட்டிக்கு முன்னால் மூன்று தரமாவது செய்து பாருங்கள். ஒவ்வொரு தரமும் எப்படி வந்தது என்று எழுதுங்கள்.

நான் முன்பு கேட்டதை மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். செய்முறை வேறு, அது வேறு. இதைக் கொடுத்து அதை வாங்க எனக்கு விருப்பமில்லை. அது உங்கள் வாயிலிருந்து தானாக வர வேண்டும்.

பெற்றீசியா


பெரிய பங்களா,
ஹுன்னஸ்கிரிய.
1933 ஜூலை 4

அன்புள்ள பெற்றீசியா,

முதல் கேக் சாய்ந்து வந்தது. இரண்டாவது நேராக வந்தது. மூன்றாவதை வெட்டிப் பார்த்து எனக்கே நம்பிக்கை வரவில்லை. பழம் வரிசை வரிசையாக இருக்கிறது. இருபது எண்ணினேன். பொன்னையா காவல் நின்றான். ஒரு தரம் கதவைத் தொடப் போன என் கையில் உண்மையாகவே ஒரு தட்டுத் தட்டினான்.

ஆனால் இன்றைக்கு ஒன்று நடந்தது. அதை உனக்குத்தான் எழுத முடியும்.

துரைசாணி கண்காட்சிக்கு அனுப்பும் விண்ணப்பத்தை மேசையில் வைத்து நிரப்பிக்கொண்டிருந்தார். தேநீர் வைக்கப் போனேன். செய்தவர் பெயர் என்று ஒரு கோடு. அதில் தன் பெயரை எழுதினார். பேனை ஒரு கணம் கூட நிற்கவில்லை. நான் அவருக்குப் பக்கத்தில், கையில் தேநீரோடு நிற்கிறேன். என்னை ஏமாற்றுகிறோம் என்ற நினைப்பே அவருக்கு இல்லை. அவருடைய குசினி, அவருடைய அப்பிள், அவருடைய கோக்கி. அதனால் அவருடைய கேக்.

குசினிக்கு வந்து முக்காலியில் குந்திவிட்டேன். மூன்று தரம் சுட்டவன் நான் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டேன். பிறகு, எழுதிக் கொடுத்தவள் யார் என்று நினைப்பு வந்தது. அதற்கு மேல் என்னால் அந்த முக்காலியில் இருக்க முடியவில்லை. கதவுக்குப் பின்னால் நின்றபோது உனக்கு எப்படி இருந்தது என்று இன்றைக்குத்தான் தெரியும். எனக்கு அதைச் செய்தது துரைசாணிதான். உனக்கு உன் கணவனே அதைச் செய்தான்.

பெற்றீசியா, நான் செய்தது பிழை. சின்னக் காரியம் அல்ல.

கபிரியேல்


திரிகோணமலை வீதி,
கண்டி.
1933 ஜூலை 9

அன்புள்ள அவருக்கு,

கடைசி வரியை நாலைந்து தரம் வாசித்தேன். அழுதேன். இது வேறு அழுகை.

ஆனால் என்னிடம் சொன்னது பாதிதான். என்னிடம் சொல்ல உங்களுக்கு ஒரு தபால் முத்திரை போதும். மீதியை எங்கே சொல்ல வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். சொன்னால் வேலை போகலாம். அதையும் நான் யோசித்துத்தான் இருக்கிறேன். சொல்லுங்கள் என்றும் சொல்ல மாட்டேன், வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன்.

பதினைந்தாம் திகதி கண்காட்சி மண்டபத்துக்கு என்னால் வர முடியாது. அன்றைக்குக் கல்யாண வீடு ஒன்றுக்கு எட்டுக் கேக் கேட்டிருக்கிறார்கள். நளீர் நானா போறணையை நாள் முழுக்க எனக்கே விடுகிறார். போய் வந்து, காயா பழமா என்று எழுதுங்கள்.

கேக்கை மடியில் வைத்துக் கொண்டுவாருங்கள். காரில் பின்னால் வைத்தால் தெல்தெனிய வளைவில் உடைந்துவிடும்.

பெற்றீசியா


பெரிய பங்களா,
ஹுன்னஸ்கிரிய.
1933 ஜூலை 17

அன்புள்ள பெற்றீசியா,

பழம். ஆனால் நீ நினைக்கிற மாதிரி அல்ல. முதலிலிருந்து எழுதுகிறேன்.

மடியில் வைத்துத்தான் கொண்டுவந்தேன். மண்டபத்தில் பதினேழு கேக். அன்னாசி, வாழைப்பழம், மாம்பழம் போட்டவையெல்லாம் இருந்தன. நடுவராக வந்தவர் ஒரு வயதான வெள்ளைக்கார அம்மா, கண்ணாடியை மூக்கு நுனியில் போட்டவர். நம் கேக்கை வெட்டினார், மணந்தார், தின்றார். இன்னொரு துண்டும் எடுத்தார். முதல் பரிசு என்று சொல்லிவிட்டு, ஒரு விஷயம் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். இவ்வளவு ஈரமான பழம் அடியில் போய்விடாமல் எப்படி வரிசையாக நிற்கிறது என்று துரைசாணியைக் கேட்டார்.

துரைசாணிக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? திரும்பி, "கோக்கி, நீ சொல்" என்றார். பத்துப் பன்னிரண்டு பேர் என்னைப் பார்க்கிறார்கள். மாவில் புரட்டினேன் என்று ஒரே வரியில் சொல்லித் தப்பியிருக்கலாம். வாயில் அது வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு, எனக்குத் தெரிந்த இங்கிலீஸில் சொன்னேன். "என் கை சுட்டது, லேடி. கேக் என் மனைவியுடையது. அவள் பெயர் பெற்றீசியா. ஈஸ்டருக்கு நீங்கள் சாப்பிட்டதும் அவள் செய்ததுதான். நான் அன்றைக்குப் பொய் சொன்னேன்."

எல்லோரும் துரைசாணியைத் திரும்பிப் பார்த்தார்கள். நடுவர் அம்மா மட்டும் விடவில்லை. மனைவி எங்கே, எப்படிச் சொல்லித் தந்தாள் என்று கேட்டார். உன்னுடைய ஜூன் மாதக் கடிதம் என் கோட்டுப் பையில் இருந்தது. பட்டர் பட்டு ஓரமெல்லாம் கண்ணாடியாகிவிட்டது. எடுத்து மேசையில் வைத்தேன். அங்கே எழுத்து வேலைக்கு வந்திருந்த தியாகராஜா என்ற யாழ்ப்பாணத்து மனுஷரைக் கூப்பிட்டு, இங்கிலீஸில் வாசிக்கச் சொன்னார்கள்.

அவர் ஒரு வரி விடுகிற ஆளில்லை. அடுப்போரம் வைத்தீர்களோ நான் பொறுப்பல்ல என்பதையும் வாசித்தார். உங்களுடைய பெரிய வியாதி என்ற இடம் வந்ததும் நிறுத்தி, என்னைப் பார்த்து, "இதையும் வாசிக்கட்டோ?" என்று கேட்டார். "வாசிங்கையா, அதுதான் முக்கியம்" என்றேன். மாவோடு சண்டை பிடிக்கிறேன் என்றதும் மண்டபம் சிரித்தது. பொன்னையாவைக் காவல் வைக்கச் சொன்னதும் நடுவர் அம்மா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். என் காது சுட்டது. ஆனால் பெற்றீசியா, அந்தச் சிரிப்புக்குள் நின்றபோது எனக்கு ஒரு பாரமும் இருக்கவில்லை.

துரைசாணி சிரிக்கவில்லை. முகம் சிவந்து நின்றார். பிறகு, பரிசு அட்டையில் என் பெயரை வெட்டிவிடுங்கள் என்றார். அதைச் சொல்ல அவருக்கும் ஒரு துணிச்சல் வேண்டும். வெட்டி, உன் பெயரை எழுதி மாட்டினார்கள். 'மிசிஸ் கபிரியேல்.' எனக்குப் பெருமையாக இருந்தது. அட்டையை உன்னிடம் சேர்ப்பிப்பதாகத் தியாகராஜா சொன்னார்.

திரும்பி வரும்போது தெல்தெனிய தாண்டியதும் துரைசாணி காரை மெதுவாக விடச் சொன்னார். பிறகு, உன் மனைவியைக் கூட்டிக்கொண்டு வா, அவளையும் சம்பளத்துக்குப் போடுகிறேன், உனக்குக் கீழே இரண்டாவது கோக்கியாக இருக்கட்டும் என்றார். அவளிடம் எழுதிக் கேட்கிறேன் என்றேன். அது நான் சொல்ல வேண்டிய பதில் அல்ல.

கபிரியேல்


திரிகோணமலை வீதி,
கண்டி.
1933 ஜூலை 22

அன்புள்ள அவருக்கு,

உங்கள் கடிதத்தை முதலில் நானும், பிறகு அண்ணனும் வாசித்தோம். பிறகு அண்ணன் உரக்க வாசிக்க நளீர் நானாவும் கேட்டார். பேக்கரியில் இரண்டு நாளாக எல்லோரும் இருபது வரை எண்ணுகிறார்கள்.

பத்துப் பேருக்கு முன்னால் நின்று சொன்னீர்கள். நான் ஒருத்தரிடம் சொல்லத்தான் கேட்டிருந்தேன். எனக்கு உங்களில் கோபம் ஒன்றும் மிச்சமில்லை. பெருமையாக இருக்கிறது. அதை இங்கே எழுதாமல் வேறு எங்கே எழுதுவது?

துரைசாணியின் கேள்விக்குப் பதில், இல்லை. மரியாதையாகவே சொல்லுங்கள். அவர் தன் பெயரைத் தானே வெட்டச் சொன்னதை நான் மதிக்கிறேன். ஆனால் நான் யாருக்கும் கீழே இரண்டாவது கோக்கியாக வர முடியாது, உங்களுக்குக் கீழே கூட. சொன்ன சொல்லுக்காக மலையேறுவேன். வருகிற சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். தங்க அல்ல, பேச. நளீர் நானா பக்கத்து அறையை எனக்கு விடுகிறார். கேக் நான் பார்ப்பேன். மத்தியானத்துக்கு ரோஸ்டும் ஸ்டூவும் கேட்டு ரயில்வே கிளாக்கர்மார் தினமும் வந்து போகிறார்கள். அதில் ராசா ஒருவரை எனக்குத் தெரியும். உங்கள் விருப்பம். பதினொரு வருஷத்தை ஒரே நாளில் விட்டுவாருங்கள் என்று நான் சொல்லவில்லை.

இன்னும் ஒன்று. தியாகராஜா நேற்று அந்த அட்டையைப் பேக்கரிக்கே கொண்டுவந்து தந்தார். துரைசாணியின் பெயரை வெட்டி, கீழே 'மிசிஸ் கபிரியேல்' என்று அழகான எழுத்தில் இருக்கிறது. நீங்கள் அதை என் பெயர் என்று எழுதியிருந்தீர்கள். திரும்ப ஒரு தரம் வாசியுங்கள். அதில் இருப்பது உங்கள் பெயர். இவ்வளவு பாடுபட்டு அவருடைய பெயரை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் உங்களையே வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள்.

கோபப்பட்டு எழுதவில்லை. சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். தியாகராஜாவிடம் காட்டினேன். பார்த்துவிட்டு, "ஓம் தங்கச்சி, விளங்குது. தாங்கோ, திருத்தித் தாறன்" என்றார். அவரிடம் பேனையை வாங்கி நானே எழுதினேன். மிசிஸை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் பெற்றீசியா என்று எழுதினேன். கபிரியேல் அப்படியே இருக்கிறது. முன்னால் என் பெயர் வந்தால், பின்னால் உங்கள் பெயர் வருவதில் எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை.

பெற்றீசியா கபிரியேல்